தாத்தாவின் எம்எம் 540: எஞ்சினை மாற்றுவதா, இருப்பதையே எழுப்புவதா?

கோத்தகிரி 540:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற வழியில். தாத்தா 1991-ல் புதிதாக வாங்கிய மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஆறு வருஷமாக நிற்கிறது. பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றி ஃபேக்டரிக்குப் போனது, அத்தையின் பிரசவத்துக்கு நடுராத்திரியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம் இந்த வண்டியில்தான். தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. அப்பா விற்றுவிடலாம் என்கிறார், பழைய இரும்புக்காரர் ஒருவர் 65,000 சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புது பேட்டரி போட்டு, பழைய டீசலை வடித்துவிட்டு, புது டீசல் ஊற்றிப் பார்த்தேன். அரை மணி நேரம் போராடிய பிறகு பிடித்தது. பிடித்ததும் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, சூடு ஏறியதும் அது குறைந்தது, ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை. பிரேக் பெடல் அடிவரை போகிறது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு ஓட்டை. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் கியர், மெதுவாக, பலமாக ஏறுகிற லோ கியர் இரண்டும் விழுகின்றன.

கோவையில் இருக்கும் நண்பன் சொல்வது: அந்தப் பழைய எஞ்சினைத் தூக்கிப் போடு, அடிபட்ட வண்டியிலிருந்து ஒரு டர்போ டீசல் எஞ்சின் வாங்கிப் போடு, 31 அங்குல டயர், ஸ்பிரிங்கை மூன்று அங்குலம் உயர்த்து, முன்னால் விஞ்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கிற உருளை) வைத்த இரும்பு பம்பர், அவ்வளவுதான், வண்டி மலையையே ஏறும் என்கிறான். கையில் இரண்டரை லட்சம் வைத்திருக்கிறேன், மூன்று வருஷம் சேர்த்த பணம். தோட்டத்துக்குள் ஓட்டவும், லீவு நாளில் மண் பாதைகளில் போகவும்தான் வண்டி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மன்னவனூர் ஜீப்:

தம்பி, முதலில் அந்த இரும்புக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கமெல்லாம் பூண்டும் கேரட்டும் உருளையும் காட்டிலிருந்து ரோட்டுக்கு வருவது ஜீப்பில்தான். மழை மாசத்தில் களிமண் பாதையில் டயருக்குச் சங்கிலி சுற்றி ஏற்றுவோம். நான் ஓட்டுவதும் 540-தான், பதினெட்டு வருஷமாக. நடுவில் ஒருமுறை உங்கள் நண்பர் சொன்ன அதே வேலையைச் செய்தேன். டர்போ எஞ்சின் போட்டதும் முதல் ஒரு மாதம் பறந்தது உண்மை. பிறகு கியர்பாக்ஸில் சத்தம், அதைப் பிரித்தால் பேரிங் போயிருந்தது. அதை மாற்றி மூன்று மாதத்தில் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்தது, மூட்டையோடு நடுப்பாதையில், மழையில். எஞ்சினின் இழுவை கூடும்போது அதற்குப் பின்னால் இருக்கிற கிளட்ச், கியர், ஜாயின்ட், ஆக்ஸில் எல்லாம் அந்த இழுவையைத் தாங்க வேண்டுமே, அவை பழைய எஞ்சினுக்குச் செய்தவை. கடைசியில் வண்டியோடு வந்த பழைய பெஜோ எஞ்சினையே, சிலிண்டரைக் கடைந்து, திரும்ப உட்கார வைத்தேன்.

நம் வேலைக்கு வேகம் எதற்கு? லோ கியர் போட்டு இரண்டாவதில் விட்டால் பத்து மூட்டையோடு நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரைக்கூட அதிகம் தொட வேண்டாம். எனக்குப் பயம் வந்ததெல்லாம் இறங்கும்போதுதான். ஏற முடியாவிட்டால் நின்றுவிடலாம், பெரிய விஷயமில்லை. உங்கள் பெடல் அடிவரை போகிறது என்று இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள், எஞ்சினைப் பற்றித்தான் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை.

குன்னூர் பட்டறை:

மன்னவனூர் அண்ணன் சொன்னது சரி. நான் முப்பது வருஷமாக எஸ்டேட் வண்டிகள் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எஞ்சின் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 1979-ல் மகிந்திரா பிரான்ஸின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி இங்கே செய்த எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), பெயரே அதிலிருந்துதான். 2112 சிசி, 62 குதிரைத்திறன். டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது, ஹெட்டில் இருக்கும் சிறு அறைக்குள் தெளிக்கும். அதனால் சத்தம் குறைவு, ஓட்டம் மெது, ஆனால் குளிரில் அந்த அறையைச் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் இல்லாமல் பிடிக்கவே பிடிக்காது. உங்கள் அரை மணிப் போராட்டத்துக்கும் வெள்ளைப் புகைக்கும் முதல் சந்தேகம் அதுதான். வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பேட்டரியில் நேராகப் பிடித்துப் பாருங்கள், பத்துப் பதினைந்து விநாடிக்குள் முனை சிவக்க வேண்டும். இடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள், கை சுட்டுவிடும். சிவக்காதது செத்தது. நாலும் சிவந்தால் ரிலேயும் ஒயரும் பாருங்கள்.

கரும்புகை வேறு கதை. ஊட்டி 2240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கோத்தகிரியில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சின் வெளியில் இருக்கிற காற்றைத்தானே குடிக்கும்? சமவெளியில் டீசல் பம்பைச் சரிபார்த்து அனுப்பினால் சமவெளிக் காற்றுக்கு ஏற்ற டீசலை வைத்து அனுப்புவார்கள், இங்கே வந்ததும் டீசல் அதிகம் காற்று குறைவு, புகை கக்கும். மலைக்கு ஓட்டுகிற வண்டி என்று சொல்லி அதிகபட்ச டீசல் அளவைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஆறு வருஷத்தில் எலி கூடு கட்டாமல் இருந்தால் ஆச்சரியம். போன மாதம் இதே மாதிரி ஒரு ஜீப் வந்தது, பம்பைக் கழற்றத் தயாராக இருந்தார்கள், ஏர் பைப்பில் இருந்து ஒரு கை நிறையப் பஞ்சு எடுத்தேன்.

தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு, இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருக்கிறவர்கள் எஞ்சின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், நம் ஊர் வண்டிகளிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. இங்கே டிசம்பர், ஜனவரியில் பனி உறைகிற குளிர். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது, டீசல் சரியாக எரியாது, சிலிண்டரின் உள்ளுறையான லைனர் தேயும். ரேடியேட்டர் மூடியை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் எஞ்சினுக்குள் கொதிக்காமல் இருக்கிறது. அந்தச் சின்ன மூடி தளர்ந்துபோனதற்கு ஹெட்டைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலை பிரேக், அதற்கும் முன்னால் சேஸிஸ், வண்டியின் அடிச்சட்டம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, மண்ணைச் சுரண்டிவிட்டு, சேஸிஸை ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்த இடம் மந்தமாகக் கேட்கும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற ஷாக்கிள் பிராக்கெட், பாடி உட்காருகிற இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் இருக்கிற இடம், இந்த மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் சொல்லுங்கள், பேசலாம்.

பிரேக் நாலும் டிரம். வீல் சிலிண்டர் நாலு, மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய், எல்லாம் புதிது. ரப்பர் வாஷர் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்றாதீர்கள், ஆறு வருஷம் நின்ற வண்டியில் சிலிண்டருக்குள் குழி விழுந்திருக்கும், புது வாஷரும் ஒரு மாதத்தில் கசியும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140-க்கு இறங்கிவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் இறக்கம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிற்கும். அப்போது பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் டாட் 4 ஊற்றுங்கள், வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். இறங்குவது எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில்.

கோவைக்காரன்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் சிஜே 3பி என்கிற பழைய ஜீப் ஒன்றைக் கட்டியிருக்கிறேன், ஒரு வால்வு மேலேயும் ஒன்று பக்கத்திலும் இருக்கிற பெட்ரோல் எஃப் ஹெட் எஞ்சின், அந்த உயரமான எஞ்சினுக்காகத்தான் பானெட்டையே உயர்த்தி வைத்தார்கள். அதைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கார்புரேட்டரைக் கோவையில் சரி செய்து ஊட்டிக்குப் போனால் பிளக் கருத்துவிடும், ஊட்டியில் சரி செய்து கீழே வந்தால் எஞ்சின் காயும். ஸ்பேர் தேடி உக்கடம், புதுப்பேட்டை என்று எத்தனை சனிக்கிழமை போயிருக்கிறது. எஞ்சினை மாற்றுகிறவர்கள் எல்லாம் வேகப் பைத்தியம் இல்லை. சாமான் கிடைக்கிற எஞ்சின் இருந்தால் வண்டி ஓடும், கிடைக்காத எஞ்சின் இருந்தால் வண்டி கொட்டகையில்தான் நிற்கும். அதுவும் ஒரு நியாயம்தானே?

குன்னூர் பட்டறை:

நியாயம்தான், மறுக்கவில்லை. 3பி-க்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். பெஜோ டீசலுக்கு அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை, பிஸ்டன், ரிங், லைனர், ஹெட் கேஸ்கெட் எல்லாம் கோவையில் கேட்டால் வருகிறது. தம்பியின் எஞ்சின் பிடித்துவிட்டது, ஓடுகிறது. ஓடுகிற எஞ்சினை இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அளவை, அளந்து பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

டிஎன் 43 காகிதம்:

வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 1991 வண்டி என்றால் 2006, 2011, 2016, 2021. ஆறு வருஷமாக நிற்கிறது என்றால் 2021-ல் புதுப்பித்திருக்க மாட்டீர்கள். இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றம், அப்புறம் ஆய்வுக்கு வண்டியைக் காட்டிப் புதுப்பித்தல். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

மாற்றங்களைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்டதற்கும் ஆர்சியில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவில் இதற்குத் தண்டனை வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் நண்பர் சொன்னதை எண்ணிப் பாருங்கள், எஞ்சின், டயர், உயரம், பம்பர் என்று நாலு. அதே வகை எஞ்சினைப் போட்டு, ஆர்டிஓவிடம் தெரிவித்து, எஞ்சின் நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்வது வேறு. வேறு வண்டியின் டர்போ எஞ்சினைப் போடுவது வேறு.

அபராதத்தைக்கூட விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்சியில் இல்லாத எஞ்சினோடு ஓட்டி, வளைவில் எதிரே வந்த பைக்கில் மோதிவிட்டார். இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். பைக்கில் வந்த பையன் பிழைத்துக்கொண்டான், அது ஒன்றுதான் ஆறுதல்.

விண்டேஜ் பதிவு பற்றி யாராவது சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, அதிலும் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2041-ல் வயசு வரும்.

கூடலூர் ஜிப்சி:

டயரைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நான் மாருதி ஜிப்சி ஓட்டுகிறேன், நாடுகாணி பக்கம் எங்களுக்கு ஏலமும் காப்பியும் இருக்கிறது. ஒரு வருஷம் நானும் பெரிய டயர் போட்டு ஓட்டினேன்.

540-க்கு வருகிற 6.00-16 டயரின் விட்டம் 28 அங்குலச் சொச்சம். 31 போட்டால் சக்கரம் சுமார் 9 சதவீதம் பெரிசு. அதாவது எல்லா கியரும் 9 சதவீதம் வேகமான கியராகிவிடும், லோ கியரும் சேர்த்துத்தான். மன்னவனூர் அண்ணா சொன்ன அந்த நடை வேகம் போய்விடும். அதே டிரம் பிரேக் இன்னும் பெரிய, இன்னும் கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். முழு ஸ்டீயரிங் ஒடித்தால் ஸ்பிரிங் பட்டையில் உரசும், உரசாமல் இருக்க ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் கியரிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி ஜாயின்ட் போகும், வண்டியின் கனம் மேலே ஏறி வளைவில் சாயும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது. சேற்றுக்கு அகலமான டயரைவிடப் பழைய ஒல்லியான டயர்தான் எங்கள் ஊர்ச் செம்மண்ணில் நன்றாகப் பிடிக்கிறது, மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டி மண்ணைத் தொட்டுவிடும். நல்ல கட்டையுள்ள மட் டயர், அதே அளவில் போடுங்கள்.

இன்னொன்று, தம்பி. லீவு நாளில் மண் பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதை என்று யோசித்துப் போங்கள். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை ஏற்றுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், அது 1882-ல் இருந்தே இருக்கிற சட்டம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சோலைக்கு வெளியே இருக்கிற புல்வெளியும் அதன் மடியில் இருக்கிற சதுப்பும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுகிற இடம். ஒரு ஜீப் ஈரத்தில் ஒருமுறை இறங்கினால் அந்தத் தடம் வருஷக்கணக்கில் ஆறாது, அடுத்த மழையில் அதுவே வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். என் கண் முன்னால் அப்படி ஒரு சரிவு போயிருக்கிறது. தெரிந்தவர்களின் எஸ்டேட் பாதையில் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள், லோ கியர் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

கோத்தகிரி 540:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஹீட்டர் பிளக் நாலில் இரண்டு செத்திருந்தது, ரிலேயும் போயிருந்தது. எல்லாம் மாற்றினேன். ஏர் கிளீனரில் எலி இல்லை, குளவிக் கூடு இருந்தது. இப்போது காலை ஆறு மணிக்கு, கை விறைக்கிற குளிரில், சாவியைத் திருப்பி இருபது எண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்தால் இரண்டாவது சுற்றில் பிடிக்கிறது. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெர்மோஸ்டாட் இல்லவே இல்லை, நீங்கள் சொன்னது போலவே யாரோ கழற்றியிருக்கிறார்கள். போட்டாகிவிட்டது.

சேஸிஸில் வலது பின் ஷாக்கிள் பிராக்கெட் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனது. துரு முழுவதையும் வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் வெல்டிங் செய்து ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறோம். டீசல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்தோம். பிரேக் முழுக்கப் புதிது. இதுவரை 1,12,000 செலவு. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட்டேன், அப்பாவும் தாத்தாவின் சட்டைப் பெட்டியில் இருந்து பழைய ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். தோட்டத்துப் பாதையில் 35, 40 போகும்போது ஒரு குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடுகிறது. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. வீல் பேலன்ஸ் செய்தும் போகவில்லை.

குன்னூர் பட்டறை:

பேலன்ஸ் இல்லை அது. முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்புகிற கிங் பின்னின் பேரிங் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடின் முனை மூட்டு. ஒருவரை உள்ளே உட்கார வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள், தளர்ந்த இடம் கையில் தட்டும். அப்புறம் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள், அப்போது நின்றால் வீல் பேரிங், அப்போதும் ஆடினால் கிங் பின். ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கினால் போதும், பேரிங் கருத்திருந்தால் மாற்ற வேண்டும்.

அதுவரை 25-க்கு மேல் போகாதீர்கள். ஞாயிறு காலையில் பட்டறையில்தான் இருப்பேன், டை ராடைக் கழற்றாமல் அப்படியே மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.